அத்தியாயம் 4: கூட்டத்துக்கு வராதவர்களின் திடல்

பேட்டையில் ஒரு காலி இடம் கிடக்கிறது. கம்பிவேலி பாதி சாய்ந்திருக்கிறது. உள்ளே யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு, ஓரத்தில் ஒரு வேப்பமரம், மர நிழலில் இஸ்திரி வண்டி. இதைப் பூங்காவாக்கலாமே என்று நாலு பேருக்குத் தோன்றியதும் வழக்கமாக என்ன நடக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மொட்டைமாடியில் கூட்டம் கூடும். வருகிறவர்களில் பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஆண்கள். எட்டு வடிவ நடைபாதை, உடற்பயிற்சிக் கருவிகள், நீரூற்று, சுற்றுச்சுவர், கேட், பூட்டு என்று ஒரு மணி நேரத்தில் பட்டியல் தயாராகிவிடும். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் பேசியிருப்பார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இஸ்திரி வண்டிக்கு இடம் இருக்காது. பகல் ஒரு மணிக்கு அங்கே வந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் இருக்காது. சாயங்காலம் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களை வெளியே துரத்துவதற்குத்தான் சுவரே வந்திருக்கும்.

அந்த இடத்தை இப்போதே பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார்கள். அவர்களைத் தேடிப்போய்க் கேட்டபின் வரையப்படும் திட்டம்தான் அந்தப் பேட்டையின் திட்டம் என்பது என் உறுதியான எண்ணம். அதை எந்த வரிசையில் செய்வது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. உதாரணங்களில் பல சென்னையிலிருந்து வருகின்றன. இங்கே சொல்லும் சட்டங்களும் விதிகளும் பெரும்பாலும் தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சிகளுக்கும் பொருந்தும்.

காகிதம் முதலில்

இடம் யாருடையது என்று தெரியாமல் ஒரு செடிகூட நடாதீர்கள். 'கார்ப்பரேஷன் இடம்தான் சார், எங்க தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் சொல்லுவாங்க' என்பது ஆவணம் ஆகாது. மாநகராட்சி நிலமா, வருவாய்த் துறையின் புறம்போக்கா, கோயில் நிலமா, வீட்டுவசதி வாரியத்துடையதா, தனியாருடையதா என்பதைப் பொறுத்து நீங்கள் ஏற வேண்டிய படி மாறும். சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் எடுங்கள். இவற்றை அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். பழைய மனைப்பிரிவில் இருக்கும் இடமென்றால் அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தைக் கேளுங்கள். சென்னையில் அது பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கும். குழும எல்லைக்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம் இருக்கும். வரைபடத்தில் 'பூங்கா' என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

பலருக்குத் தெரியாத ஒரு வகை நிலம் இருக்கிறது. ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர், சாலைகள் போக மீதமுள்ள பரப்பில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள மனைகளில், நிலம் தர முடியாத நிலையில் அதற்கு ஈடான பணம் கட்டலாம். எனவே பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு வந்திருக்கும் இடத்திலெல்லாம் பக்கத்தில் ஒரு துண்டு பொதுநிலம் இருக்க வாய்ப்பு உண்டு. சில இடங்களில் அது குடியிருப்பின் சுவருக்குள்ளேயே புல்தரையாக வளர்ந்துகொண்டிருக்கும். வாசலில் செக்யூரிட்டி நிற்பார். தானப் பத்திரம் பதிவாகிவிட்டதென்றால் அந்தப் புல்தரை தெருவில் போகிற எல்லாருக்கும் உரியது. சண்டைக்குப் போக வேண்டாம். பத்திரத்தின் நகலோடு மண்டல அலுவலகத்துக்குப் போங்கள்.

நகல் கிடைக்கவில்லையா? 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள். 'இந்த லேஅவுட்டில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தின் சர்வே எண், பரப்பு, தானப் பத்திர எண், தேதி' என்று கேட்டால் போதும். 'ஏன் பராமரிக்கவில்லை' என்று கேட்டால் அது தகவல் கேள்வி ஆகாது. மனு திரும்பி வரும்.

காகிதத்துக்கு இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. பெங்களூரு ராஜ்மஹல் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனை கட்டத் தூக்கிக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். பூங்கா நிலத்தை அப்படி மாற்ற முடியாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. வரைபடத்தில் 'பூங்கா' என்று இருந்ததுதான் அவர்கள் கையில் இருந்த பெரிய பலம். தமிழ்நாட்டிலும் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

பத்து நிமிடக் கணக்கு

அடுத்த வேலை உட்கார்ந்து பார்ப்பது. ஒரு சாதாரண வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை. ஒருவரே உட்கார வேண்டியதில்லை; கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் இரண்டிரண்டு மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம் மட்டும் எண்ணுங்கள். ஆறால் பெருக்கினால் அந்த மணி நேரத்தின் தோராயக் கணக்கு வந்துவிடும். டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் யான் கெல் பல நகரங்களில் தெரு வாழ்க்கையைக் கணக்கெடுக்கக் கையாண்ட முறை இது. அவருடைய ஊரான கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் தெருவை 1962இல் வண்டிகள் இல்லாத தெருவாக மாற்றினார்கள். அதன்பின் அங்கே மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று வருடக்கணக்காக எண்ணிப் பார்த்தார் அவர்.

எண்ணும்போது தலைகளை மட்டும் எண்ணாதீர்கள். ஆணா பெண்ணா, சிறுவரா முதியவரா, நடந்து போகிறாரா, நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, என்ன செய்கிறார் என்று பத்திகள் போட்டுக் குறியுங்கள். ஒரு பேப்பரில் இடத்தின் படத்தைக் கையால் வரைந்து, யார் எந்த நேரத்தில் எந்த மூலையில் என்று புள்ளி வையுங்கள். நிழல் எந்தெந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்பதையும் பென்சிலால் தீட்டுங்கள். நம் ஊரில் மனிதர்கள் உட்காரும் இடத்தை முடிவு செய்வது சித்திரை வெயில்தான். நிழல் வரைபடமும் ஆட்கள் வரைபடமும் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்துவதை நீங்களே பார்ப்பீர்கள்.

முதலில் கண்ணில் படாதவை மெல்ல மெல்லத் தெரியவரும். விடியற்காலையில் தண்ணீர் லாரி எந்த ஓரத்தில் நிற்கிறது, குடங்களோடு வரிசை எந்தப் பக்கம் நீள்கிறது. பதினொரு மணிக்கு உணவு டெலிவரி ஆட்கள் பைக்கை மரத்தடியில் போட்டுவிட்டுப் போனை நோண்டியபடி அடுத்த ஆர்டருக்குக் காத்திருப்பது. மூன்றரை மணிக்குப் பள்ளி விட்டுப் பேரக்குழந்தையை அழைத்துவரும் பாட்டி, வழியில் ஒரு திண்டில் பத்து நிமிடம் மூச்சு வாங்குவது. இருட்டியபின் தெருவிளக்கடியில் கேரம் போர்டு. வடசென்னையில் பல தெருக்களில் கேரம் போர்டு என்பது ஒரு மன்றம். அதைச் சுற்றி நிற்பவர்கள் அந்தத் தெருவின் பாதிப் பையன்கள்.

இதோடு வருடத்தில் சில நாட்கள் மட்டுமே நடப்பவற்றையும் அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் அண்டா எங்கே வைக்கிறார்கள்? கல்யாண வீட்டுப் பந்திக்கு மேசை போடுவது எங்கே? ஒரு வீட்டில் சாவு நடந்தால் ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் எங்கே போடப்படுகின்றன? பத்தடி அகலச் சந்தில் வீடு இருக்கிறவர்களுக்கு இந்தத் திடல்தான் கூடம். நடுவில் நீரூற்றுக் கட்டி, சுற்றிப் பூச்செடிப் பாத்தி போட்டுவிட்டால், துக்க வீட்டுக்காரர்கள் நடுரோட்டில் பந்தல் போட வேண்டிவரும். வரைபடத்தில் நடுவே ஒரு வெறும் தரையை விட்டுவைப்பதற்கு நிறைய வாதாட வேண்டியிருக்கும். வாதாடுங்கள்.

கேட்கும் விதம்

'இந்த இடத்தில் உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லாரும் எங்கேயோ பார்த்த ஒன்றைத்தான் சொல்வார்கள். இன்னொரு பேட்டையின் பூங்காவில் இருக்கும் கருவிகள், மாலில் பார்த்த ஊஞ்சல். அவர்களுடைய நாளைப் பற்றிக் கேளுங்கள். 'அக்கா, நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சு எங்க உக்காந்தீங்க?' 'பையன் ஸ்கூல் விட்டு வந்தா எங்க விளையாடப் போறான்? எந்தப் பக்கம் போகவேணாம்னு சொல்லியிருக்கீங்க?' 'ராத்திரி இந்த வழியா வருவீங்களா, சுத்திக்கிட்டு வருவீங்களா?' கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலிருந்துதான் விளக்குக் கம்பம் எங்கே வேண்டும் என்பது தெரியும்.

போகவேண்டிய இடங்கள்: குடிநீர்க் குழாயடி, ரேஷன் கடை வரிசை, அங்கன்வாடி வாசல், ஆட்டோ ஸ்டாண்டு, தூய்மைப் பணியாளர்கள் காலையில் கையெழுத்துப் போடும் இடம். வீட்டு வேலைக்கு வரும் பெண்களிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச முடியாது. அவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் கொஞ்சம் ஓய்வு. பேசப் போகும் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். பெண்கள் கழிப்பறையைப் பற்றியும் இருட்டைப் பற்றியும் குடிகாரர்களைப் பற்றியும் ஆண்களிடம் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

குழந்தைகளைத் தனியாகக் கேளுங்கள், நடக்கவிட்டுக் கேளுங்கள். ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு இடத்தைச் சுற்றி வாருங்கள். பிடித்த இடத்தில் பச்சை ரிப்பனும் பயமான இடத்தில் சிவப்பு ரிப்பனும் கட்டச் சொல்லுங்கள். ஆம்ஸ்டர்டாமில் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947இல் பெர்டெல்மன் சதுக்கத்தில் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் சிறிய விளையாட்டிடம் ஒன்றை அமைத்தார். ஒரு மணல் தொட்டி, சில கம்பிகள், பெஞ்சுகள், மரங்கள்; அவ்வளவுதான். அதைப் பார்த்த மற்றப் பேட்டைக்காரர்கள் எங்கள் தெருவிலும் ஒரு காலி மூலை இருக்கிறது என்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். 1978க்குள் 700க்கும் மேற்பட்ட இடங்கள் உருவாயின. பல இடங்கள் இரண்டு வீடுகளுக்கு நடுவே விட்டுப்போன துண்டு நிலங்கள். உங்கள் பேட்டையில் பெரிய திடலே இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து மூலையைத் தவிர மற்ற எந்த மூலையையும் பரிசீலிக்கலாம்.

தரையில் வரைவது

ஏ-ஃபோர் தாளில் இருக்கும் வரைபடத்தை எல்லாரும் படித்துவிட முடியாது. படிக்கத் தெரிந்தவர் மட்டுமே பேசுவார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதனால் திட்டத்தைத் தரையிலேயே வரையுங்கள், நிஜ அளவில். ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி, ஒரு அளவு டேப், நூல் கண்டு போதும். கோலம் போட்டுப் பழகிய கைகள் எந்தத் தெருவிலும் உண்டு. புள்ளி வைத்துக் கோடிழுப்பதில் அவர்களை மிஞ்ச எந்த டிராஃப்ட்ஸ்மனாலும் முடியாது. நடைபாதைக்கு இரண்டு கோடு, பெஞ்சுக்கு ஒரு கட்டம், வாசலுக்கு இரண்டு செங்கல். பிறகு எல்லாரையும் அதற்குள் நடக்கச் சொல்லுங்கள்.

அப்போது பேச்சு மாறிவிடும். தாளில் பார்த்தபோது பேசாத பெண்மணி, 'இந்த வழி இவ்ளோதான்னா எதிர்ல ஆள் வந்தா நான் எங்க ஒதுங்கறது?' என்று கேட்பார். நியாயமான கேள்வி, நடைபாதைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்சத் தடையற்ற அகலம் 1.8 மீட்டர். சக்கர நாற்காலி ஒன்றைக் கடன் வாங்கி வந்து வாசல் கோட்டுக்குள் ஓட்டிப் பாருங்கள். பைக் நுழையாமல் இருக்க என்று வைக்கும் வளைவுக் கம்பிகள்தான் பெரும்பாலான பூங்காக்களில் சக்கர நாற்காலியை வாசலிலேயே நிறுத்துகின்றன. கம்பிகளுக்கு நடுவே 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இதைச் சுண்ணாம்பில் வரைந்தால்தான் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது எல்லாருக்கும் உறைக்கும்.

கோடுகளைக் குறைந்தது ஒரு வாரம் அழிக்காமல் வையுங்கள். மழை வந்தால் மறுபடி போடுங்கள். கடன் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை 'பெஞ்சு' இடங்களில் போட்டுவையுங்கள். எந்த நாற்காலி தினமும் இடம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். நாற்காலி எங்கே நகர்ந்திருக்கிறதோ அங்கேதான் பெஞ்சு. பாண்டி பஜாரில் இன்றிருக்கும் அகலமான நடைபாதை 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கேயும் அதற்கு முன்பே சில நாட்கள் வண்டிகளைத் தடுத்து, மக்களை நடக்கவிட்டு ஒத்திகை பார்த்தார்கள். நகரத்தின் பெரிய கடைவீதிக்கே ஒத்திகை தேவைப்பட்டது. உங்கள் திடலுக்கும் வேண்டும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இருக்கிற மரத்தை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடும் எந்தத் திட்டத்தையும் நான் ஏற்கமாட்டேன். கன்று நிழல் தருவதற்குள் அந்தத் தெருவின் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போயிருப்பார்கள். புதிதாக நடுவதென்றால் புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னைத் தெருக்களில் குல்மோகர் போன்ற அலங்கார மரங்கள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பது பார்த்தவர்களுக்கு மறக்காது. மரத்தடியில் வேருக்கு மண் விடுங்கள். தண்டு வரை சிமெண்ட் பூசி அதன்மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள். தரை முழுக்கக் கான்கிரீட் போட்டுவிட்டால் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்பதையும் அப்போதே கேளுங்கள். திடலின் தாழ்வான மூலையை அப்படியே பள்ளமாக விட்டால் ஐப்பசி மழையில் பாதித் தெருவின் தண்ணீரை அது குடித்துக்கொள்ளும்.

சபை, தீர்மானம், பணம்

இதுவரை செய்ததெல்லாம் உங்கள் வேலை. இனி அது அரசாங்கத்தின் வேலையாக வேண்டும். சென்னையில் 200 வார்டுகள், ஒவ்வொன்றுக்கும் வார்டு உறுப்பினர் தலைமையில் ஒரு வார்டு குழு, அதன் கீழே பகுதி சபைகள். வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022இல் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடின. கிராம சபை மாதிரிதான். அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். நிறைய பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் சாக்கடைப் புகாரோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திட்டத்தோடு போங்கள். எண்ணிக்கைத் தாள், நிழல் வரைபடம், சுண்ணாம்புக் கோட்டின் போட்டோ, நில ஆவண நகல் எல்லாம் ஒரே கோப்பில். 'பூங்கா வேண்டும்' என்ற மனுவை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். 'இந்த சர்வே எண்ணில், இத்தனை பேர் பயன்படுத்தும் இடத்தில், இந்த மூன்று வேலைகள்' என்ற கோப்பை அப்படி வைக்க முடியாது. தீர்மானம் எழுதப்பட்டதா, பதிவேட்டில் ஏறியதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

வார்டு உறுப்பினரிடம் போகும் முன்பே உதவிப் பொறியாளரையும் பூங்காத் துறையையும் ஒருமுறை இடத்துக்கு அழைத்து வந்துவிடுங்கள். நிலத்தடியில் மெட்ரோ குடிநீர் வாரியக் குழாயும் மின்வாரியக் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் ஒரு வழி. பொதுவான பணிகளுக்குச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரப்பு போட்டால் மீதியை அரசு தரும். அந்த ஒரு பங்கை ஒரே புரவலரிடம் வாங்கிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வாசலில் அவர் பெயர்ப் பலகை ஏறும். பிறகு எந்த நேரத்தில் யாரை உள்ளே விடுவது என்பதில் அவர் சொல்லுக்கு எடை கூடிவிடும். ஐம்பது வீடுகளில் ஐநூறு, ஆயிரம் என்று திரட்டுவது சிரமம்தான். ஆனால் பணம் போட்ட வீடுகள் எல்லாம் அதன்பின் அந்த இடத்தைக் கவனிக்கும். பணம் போட முடியாதவர்கள் பெயரையும் அதே பட்டியலில் எழுதுங்கள். மண் சுமந்தவர், தண்ணீர் ஊற்றியவர் என்று.

வாசலில் நிற்கும் தள்ளுவண்டிகளை அகற்றச் சொல்லி மனு எழுதச் சிலர் வருவார்கள். தெருவோர வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்கிறது. அதில் 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கே. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதில் அந்தக் குழுவுக்குப் பங்கு உண்டு. என் சிபாரிசு, வண்டிகளுக்கு வாசலையொட்டி ஒரு ஓரத்தைத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள். இரவு ஒன்பது மணி வரை சுண்டல் வண்டி நிற்கிற வாசலில் பெண்கள் தயங்காமல் நுழைவார்கள்.

சாவி யாரிடம்

கட்டும் முன்பே இதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். பல பூங்காக்கள் காலையில் நடைப்பயிற்சி முடிந்ததும் பூட்டப்பட்டு, மாலை நாலு மணிக்கு மேல்தான் திறக்கின்றன. நிழல் அதிகம் தேவைப்படும் உச்சிவேளையில் நிழல் பூட்டிக் கிடக்கும். எண்ணிக்கைத் தாளில் பகல் ஒரு மணிக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை எடுத்துக் காட்டி, பகலிலும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுத வையுங்கள். சாவி வைத்திருப்பவர் இரண்டு பேராக இருக்கட்டும். ஒருவர் மாநகராட்சிப் பணியாளர், இன்னொருவர் பக்கத்திலேயே இருப்பவர், டீக்கடைக்காரர் மாதிரி.

கழிப்பறை கேட்கிறவர்கள் உண்டு, வேண்டியதுதான். ஆனால் தினமும் யார் கழுவுவார், தண்ணீர் எங்கிருந்து, அவருக்குச் சம்பளம் யார் தருவது என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் கட்டுங்கள். விளக்கு எரியவில்லையென்றால், குப்பை எடுக்கவில்லையென்றால் யார் புகார் செய்வது என்றும் பெயர் போட்டு வையுங்கள். சென்னையில் 1913க்கு அழைத்தால் புகார் எண் தருவார்கள். அந்த எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வந்தால், அடுத்த பகுதி சபையில் அந்த நோட்டே பேசும்.

திறந்து ஆறு மாதம் கழித்து அதே பத்து நிமிடக் கணக்கை மறுபடி எடுங்கள்; அதே நேரங்கள், அதே பத்திகள். பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்பு வந்துகொண்டிருந்தவர்களில் யார் காணாமல் போயிருக்கிறார்கள்? பையன்களா, மதியம் சாப்பிட வந்தவர்களா, பாட்டியா? காணாமல் போனவர்களைத் தேடிப்போய்க் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். வெயிலில் போட்ட பெஞ்சு, உயரமான படி, விரட்டும் காவலாளி. இவற்றைச் சரிசெய்ய அரசு மதிப்பீட்டில் பணம் இருக்காது. எனவே திரட்டிய தொகையில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே பிரித்து, ஆறாம் மாதத் திருத்தங்களுக்கென்று உங்கள் குடியிருப்போர் சங்கக் கணக்கில் தனியாக எழுதி வையுங்கள்.